போலந்தின் கடைசி ராஜா

1756-ல், 24 வயதில், ஸ்டனிஸ்வாவ் பொனியாடோவ்ஸ்கி தன்னைப் பற்றித் தானே ஒரு சித்திரம் எழுதினார். இன்னும் ஒரு அங்குலம் உயரம் கூடியிருந்தால், கால்கள் கொஞ்சம் நன்றாக அமைந்திருந்தால், மூக்கு இவ்வளவு வளையாமல் இருந்திருந்தால் என் தோற்றத்தில் எனக்குக் குறையே இருக்காது என்கிறார். தோற்றத்தோடு விடவில்லை, தன் குணத்தையும் அதே கண்டிப்போடு எடைபோடுகிறார். பெரிய வீட்டில் பிறந்து அரண்மனைகளில் உலவிய ஓர் இளைஞருக்குத் தன்னை இவ்வளவு நேராகப் பார்க்க முடிந்திருக்கிறதே என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம். எட்டு வருடம் கழித்து அவர் போலந்தின் மன்னர். 31 வருடம் அந்தப் பதவியில் இருந்தார். கடைசியில் முடி துறந்த நாளில் ஆள்வதற்கு நாடே மிச்சமில்லை. மூன்று அண்டை நாடுகள் பங்கு போட்டு எடுத்துக்கொண்ட போலந்து மறுபடி வரைபடத்தில் வந்தது 1918-ல்தான்.

இவரைப் பற்றிப் போலந்துக்காரர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். கோழை, ரஷ்யாவின் கைப்பாவை என்பவர்கள் ஒரு பக்கம். பள்ளிக்கூடம், நாடகம், சட்டம் என்று எதைத் தொட்டாலும் நாட்டைப் புதுப்பித்தவர் என்பவர்கள் இன்னொரு பக்கம். என் மனம் இவர் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் 1792 ஜூலையில் அவர் செய்ததற்கு நியாயம் கற்பிக்க எனக்கு மனம் வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் அந்த நாட்டின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். போலந்தும் லிதுவேனியாவும் சேர்ந்த பெரிய குடியரசு அது. குடியரசுதான், ஆனால் ராஜா உண்டு. ராஜாவின் மகன் ராஜாவாக முடியாது, ஒவ்வொரு தடவையும் தேர்தல். ஷ்லாக்தா எனப்படும் பிரபுக் குலத்தார் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அவர்களில் ஒரு கிராமம்கூடச் சொந்தமில்லாத ஏழைப் பிரபுவுக்கும், ஒரு ஜில்லாவையே கையில் வைத்திருந்த கோமானுக்கும் சம வாக்கு. வார்சாவுக்குப் பக்கத்தில் வோலா என்ற ஊரின் திறந்தவெளியில், அகழி வெட்டி எல்லை கட்டிய மைதானத்தில், மாகாணம் மாகாணமாகக் குதிரையில் வந்து நின்று ராஜாவைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜெயித்தவர் தன் கடமைகளை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முடி. 1573-ல் இப்படி முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரெஞ்சு இளவரசர் ஹென்றி, அண்ணன் செத்துப் பிரான்சின் சிம்மாசனம் காலியானதும் இரவோடு இரவாக ஓடிப்போனார்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் இவ்வளவு பேருக்கு வாக்கு வேறெங்கும் கிடையாது, அது பெருமைதான். ஆனால் அதோடு ஒரு நோயும் ஒட்டிக்கொண்டது. செய்ம் என்ற நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து 'ஒப்பமாட்டேன்' என்றால் போதும், அந்தக் கூட்டத்தொடரே கலைந்துவிடும், அதில் அதுவரை நிறைவேறிய எல்லாச் சட்டங்களும் செல்லாது. லிபெரும் வீட்டோ என்று பெயர். வெளிநாட்டுத் தூதர் ஒருவர் அந்த ஒரே ஒரு ஆளை விலைக்கு வாங்கினால் ஒரு பெரிய நாட்டையே அசையாமல் நிறுத்திவிடலாம். மூன்றாம் ஆகஸ்ட் என்ற முந்தைய மன்னரின் 30 வருட ஆட்சியில் சட்டம் இயற்றி முடித்த செய்ம் ஒன்றே ஒன்றுதான், 1736-ல் கூடியது. ராணுவமோ காகிதத்தில் 24,000 பேர். ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் லட்சக்கணக்கில் படை வைத்திருந்த காலத்தில்.

ஸ்டனிஸ்வாவ் 1732 ஜனவரி 17 அன்று வோவ்ச்சின் என்ற ஊரில் பிறந்தார். அது இப்போது பெலாரூஸில் இருக்கிறது. அம்மா செல்வாக்குள்ள சர்டோரிஸ்கி குடும்பத்துப் பெண். தாய்மாமன்கள் இரண்டு பேரும் நாட்டைச் சீர்திருத்தத் துடித்தவர்கள், அதற்கு ரஷ்யாவின் துணை வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள். மருமகனை ஐரோப்பா முழுக்கச் சுற்ற அனுப்பினார்கள். பெர்லினில் சார்ல்ஸ் ஹான்பரி வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தூதரின் நட்பு கிடைத்தது. 1755-ல் அவருடைய செயலாளராக பீட்டர்ஸ்பர்க் போனார். அங்கேதான் கேத்தரினைச் சந்தித்தார். அவள் அப்போது பேரரசி இல்லை. பட்டத்து இளவரசரின் மனைவி, புருஷனால் கவனிக்கப்படாதவள், வயது 26.

காதல் அந்த டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. 1758 கோடையில் ஓர் இரவு ஒரானியன்பாம் அரண்மனையிலிருந்து மாறுவேடத்தில் கிளம்பும்போது காவலர்கள் அவரைப் பிடித்து இளவரசர் முன்னால் நிறுத்திவிட்டார்கள். அந்த விவகாரம் சிரிப்போடு முடிந்தது, ஏனென்றால் இளவரசருக்கும் வேறொரு காதல் இருந்தது. ஆனாலும் அந்த வருடமே ஸ்டனிஸ்வாவ் ரஷ்யாவை விட்டுப் போக வேண்டியதாயிற்று. இருவருக்கும் பிறந்ததாகக் கருதப்படும் அன்னா என்ற பெண் குழந்தை 1759-ல், இரண்டு வயது நிறைவதற்கு முன்பே, இறந்துபோனது.

1762-ல் கேத்தரின் புருஷனைக் கவிழ்த்துப் பேரரசியானாள். போலந்தில் காத்திருந்த இவருக்கு, இனி அழைப்பு வரும் என்று நம்பிக்கை. வந்தது வேறொரு கடிதம். நீங்கள் இங்கே வர அவசரப்பட வேண்டாம். இப்போதைய மன்னர் இறந்ததும் உங்களை ராஜாவாக்க ஏற்பாடு செய்து தூதரை அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாள். இவர் பதில் எழுதினார்: என்னை ராஜாவாக்க வேண்டாம், உன் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள். இவர் வாழ்க்கையில் என்னை மிகவும் பாதிக்கும் இடம் இதுதான். முடிக்காக அலைந்தவர் என்று இவரைச் சொல்பவர்கள் இந்தப் பதிலை மறந்துவிடக் கூடாது. கேத்தரினுக்கு அவர் காதல் வேண்டியிருக்கவில்லை. வார்சாவில், பணமோ படையோ இல்லாத, தன்னையே நம்பியிருக்கும் ஒரு ராஜா வேண்டியிருந்தார்.

மூன்றாம் ஆகஸ்ட் 1763 அக்டோபரில் இறந்தார். 1764 ஏப்ரலில் கேத்தரினும் பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரடெரிக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். பொனியாடோவ்ஸ்கியை ராஜாவாக்குவது, போலந்தின் தேர்தல் முறையையும் வீட்டோவையும் யாரும் கைவைக்காமல் காப்பது, இரண்டும் அதில் இருந்தன. நோயாளிக்கு வைத்தியரையும் அனுப்பி, மருந்து கொடுக்கக் கூடாது என்றும் எழுதி வாங்கிக்கொண்ட கதை. ரஷ்யப் படை போலந்துக்குள் வந்தது. எதிர்த்த கோமான்கள் விரட்டப்பட்டார்கள். செப்டம்பரில் வோலா மைதானத்துக்கு 5,584 பிரபுக்கள் வந்தார்கள். பழைய தேர்தல்களில் பல்லாயிரம் பேர் திரண்ட இடத்துக்கு இது சொற்பம்தான். ஆனால் எதிர்வாக்கு இல்லை, கத்தி உருவவில்லை, போலந்தின் ராஜா தேர்தல்களிலேயே மிக அமைதியாக நடந்தது இதுதான் என்கிறார்கள். நவம்பர் 25 அன்று முடிசூட்டு விழா. வழக்கமான கிராகூவ் நகரில் இல்லை, வார்சாவின் புனித யோவான் தேவாலயத்தில். தேதி புனித கேத்தரின் திருநாள். ஸ்டனிஸ்வாவ் ஆகஸ்ட் என்று பெயர் சூடிக்கொண்டார்.

இதுவரை படித்தால் பொம்மை ராஜா என்ற பட்டம் பொருத்தமாகத்தான் படும். பதவியேற்ற அடுத்த மாதங்களிலேயே அவர் செய்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 1765-ல் ராணுவ மாணவர்களுக்கான வீரர் பள்ளி திறந்தது. அதே வருடம் நவம்பரில் பொதுமக்களுக்கான தேசிய நாடக அரங்கு. சீர்திருத்தம் பேசும் 'மோனிட்டர்' பத்திரிகையும் அதே வருடம்தான். நாணயச் சாலையை மறுபடி நடத்தினார். எல்லோருக்கும் பொதுவான சுங்கவரி கொண்டுவந்ததும் ஃபிரடெரிக்குக்குப் பொறுக்கவில்லை. விஸ்துலா ஆற்றோரம் மரியன்வெர்டரில் பீரங்கி வைத்து, போகிற வருகிற போலந்துப் படகுகளிடமெல்லாம் வரி பிடுங்க ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் சுங்கச் சீர்திருத்தத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

வீரர் பள்ளியின் ஆரம்ப வருட மாணவர்களில் ஒருவன் ததேயுஷ் கோஸ்ச்சூஷ்கோ. அதிகம் வசதியில்லாத குடும்பத்துப் பையன். ராஜாவின் உதவித்தொகையில் 1769-ல் பாரிஸுக்குப் படிக்கப் போனான். இவன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரஷ்யத் தூதர் ரெப்னின் வார்சாவில் ராஜாவுக்கு மேல் ராஜாவாக நடந்துகொண்டார். 1767-ல் எதிர்த்துப் பேசிய பிஷப்புகளையும் செனட்டர்களையும் தலைநகரிலேயே கைது செய்து ரஷ்யாவின் கலூகாவுக்கு அனுப்பினார். அடுத்த வருடம் பார் என்ற ஊரில் பிரபுக்கள் திரண்டு கிளம்பினார்கள். ரஷ்யா மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு கோபம் ராஜா மேலும். உள்நாட்டுச் சண்டை நான்கு வருடம் ஓடியது.

1771 நவம்பர் 3 இரவு. உடம்பு சரியில்லாத மாமனைப் பார்த்துவிட்டு ராஜா வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். வார்சா தெருவிலேயே அந்தக் கிளர்ச்சிக்காரர்கள் வழிமறித்தார்கள். கூட வந்த பணியாளர் ஒருவர் அவரைக் காக்கப் போய் உயிரை விட்டார். ராஜாவின் தலையில் வாள்வெட்டு. அப்படியே குதிரையில் ஏற்றி நகருக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். இருட்டில் குதிரை விழுந்தது, சேற்றில் ராஜாவின் ஒரு காலணி போனது. கடத்தியவர்களுக்கே வழி தெரியவில்லை. ரஷ்ய ரோந்துக்குப் பயந்து ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் மிஞ்சியது கூஷ்மா என்ற ஒரே ஆள். தலையில் ரத்தம் வழிய, ஒரு காலில் செருப்பில்லாமல், ராஜா அந்த ஆளோடு பேச ஆரம்பித்தார். சத்தியம் செய்தது, ராஜத்துரோகம், மனசாட்சி என்று பேச்சு போனது. கூஷ்மா மனம் மாறி அவர் காலில் விழுந்தான். இருவருமாக மரிமோன்ட் ஆலைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அங்கிருந்து ராஜா தன் காவல் படைத் தளபதிக்குச் சீட்டு எழுதினார்: அதிசயமாகத் தப்பிவிட்டேன், ஆலையில் இருக்கிறேன், காயம் பெரிதில்லை, சீக்கிரம் வாருங்கள். பிற்பாடு வழக்கு நடந்தபோது கூஷ்மாவின் உயிருக்காகப் பரிந்து பேசியதும் ராஜாதான். பேசியே ஆளைத் திருப்பிவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வாழ்நாள் முழுக்க இருந்தது. அந்த ராத்திரி அது பலித்தது. பேரரசிகளிடமும் பேரரசர்களிடமும் பலிக்கவில்லை.

அடுத்த வருடம் முதல் பிரிவினை. 1772 ஆகஸ்டில் மூன்று அண்டை நாடுகளும் சேர்ந்து நிலத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தையும், மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையும் எடுத்துக்கொண்டன. அதைச் செய்மே அங்கீகரிக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தின. 1773-ல் ததேயுஷ் ரெய்டான் என்ற உறுப்பினர் வாசலில் குறுக்கே படுத்து மறித்தார். தாண்டிப் போனார்கள்.

அந்த அவமானமான செய்மிலிருந்துதான் தேசியக் கல்விக் கழகமும் வந்தது என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1773-ல் போப்பாண்டவர் யேசு சபையைக் கலைத்தார். நாடு முழுக்கப் பள்ளிகளை நடத்தியவர்கள் அவர்கள். அந்தச் சொத்தை அக்டோபர் 14 அன்று கல்விக்கென்று தனி அரசு அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். ஐரோப்பாவின் முதல் கல்வி அமைச்சகம் என்று அதைச் சொல்வது வழக்கம். கிராகூவ், வில்னா பல்கலைக்கழகங்களைச் சீர்செய்தது, பாடப்புத்தகம் எழுத ஒரு சங்கம் வைத்தது, இயற்பியலும் விவசாயமும் பள்ளிக்குள் கொண்டுவந்தது. மூன்றில் ஒரு பங்கு மக்களை இழந்த நாடு உடனே பள்ளிக்கூடத்தைப் பற்றி யோசித்திருக்கிறது.

அந்த வருடங்களில் ராஜா வியாழக்கிழமைதோறும் எழுத்தாளர்களுக்கும் அறிஞர்களுக்கும் விருந்து வைத்தார். கோடையில் வஜென்கி பூங்காவில், மற்ற நாட்களில் கோட்டையில். கிராசிட்ஸ்கி, நருஷேவிச் போன்ற கவிஞர்கள் வருவார்கள். கவிதை வாசிப்பார்கள், சட்டம் பேசுவார்கள். போலந்து தேசத்தின் வரலாற்றை ஆவணங்களைத் தேடி எழுதும் வேலையை நருஷேவிச்சிடம் கொடுத்தது இவர்தான். டொமெனிகோ மெர்லினியை வைத்து வஜென்கியில் ஏரி நடுவே அரண்மனை கட்டினார். வெனிஸ்காரர் பெர்னார்டோ பெலோட்டோவை அரசவை ஓவியராக்கி, வார்சாவைத் தெருத்தெருவாக வரையச் சொன்னார். வண்டி, பிச்சைக்காரர், காரை உதிர்ந்த சுவர், மாடிச் சன்னல் எல்லாம் அதில் உண்டு. 1944-ல் ஜெர்மானியர்கள் நகரைத் தரைமட்டமாக்கிய பிறகு, பழைய நகரத்தைத் திரும்பக் கட்டியவர்கள் அந்த ஓவியங்களையும் விரித்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். இதற்கெல்லாம் கடன் வாங்கினார், ஏகமாய் வாங்கினார். அது உண்மை. ஊதாரி என்று திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

1787-ல் கேத்தரின் கிரீமியாவைப் பார்க்கப் போகும் வழியில், தினிப்பர் ஆற்றங்கரையில் கானியூவ் என்ற இடத்தில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். ஏறத்தாழ 30 வருடத்துக்குப் பிறகு. ராஜா வாரக்கணக்காக அங்கே காத்திருந்தார், கரையில் எரிமலை வெடிப்பதுபோல வாணவேடிக்கை ஏற்பாடு செய்திருந்தார். ரஷ்யாவோடு ராணுவக் கூட்டு, அதற்குப் பதில் படையைப் பெருக்க அனுமதி என்பது அவர் திட்டம். கப்பலில் சில மணி நேரம் பேசிவிட்டு, நடன விருந்துக்குக்கூட இறங்காமல் அவள் போய்விட்டாள். பேரரசியை மூன்று மணி நேரம் பார்க்க மூன்று மாதமும் மூன்று மில்லியனும் செலவழித்தார் என்று உடன் பயணம் செய்த த லின் பிரபு சொல்லி வைத்தார்.

அப்புறம் ரஷ்யா துருக்கியோடு போரில் மாட்டிக்கொண்டது. கிடைத்த இடைவெளியில் 1788-ல் கூடிய செய்ம் நான்கு வருடம் கலையாமல் நடந்தது. ராணுவத்தை 1,00,000 ஆக்கத் தீர்மானித்தது. பிரஷ்யாவோடு 1790-ல் நட்பு ஒப்பந்தம் போட்டது. ராஜாவுக்கு அந்த ஒப்பந்தத்தில் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. அரசியல் சாசனத்தை ராஜாவும் இக்னாட்ஸி பொட்டோட்ஸ்கியும் ஹூகோ கொவொன்டாயும், பியாட்டோலி என்ற இத்தாலியச் செயலாளரை வைத்துக்கொண்டு, ரகசியமாக எழுதினார்கள்.

1791 மே 3. ஈஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போன உறுப்பினர்கள் பலர் திரும்பவில்லை. அதைப் பார்த்தே நாள் குறித்திருந்தார்கள். கோட்டைக்கு வெளியே ஜனக்கூட்டம். உள்ளே கலிஷ் தொகுதியின் சுஹோஜெவ்ஸ்கி தன் சின்ன மகனை இழுத்துக்கொண்டு வந்து, இந்தச் சாசனம் கொண்டுவரப்போகும் அடிமைத்தனத்தைப் பார்க்க இவன் உயிரோடு இருக்க வேண்டாம், இங்கேயே கொன்றுவிடுகிறேன் என்று கத்தினார். பையனை மற்றவர்கள் பிடுங்கி எடுத்தார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் விவாதம். கடைசியில் ராஜா கையை உயர்த்தி பிஷப் முன்னால் சத்தியம் செய்தார். "ஆண்டவர் முன் சத்தியம் செய்தேன், இதற்காக வருந்தமாட்டேன்" என்று லத்தீனில் சொல்லிவிட்டு எல்லோரையும் புனித யோவான் தேவாலயத்துக்குக் கூப்பிட்டுப் போனார்.

ஐரோப்பாவின் முதல் நவீன எழுத்து வடிவ அரசியல் சாசனம் அது. வீட்டோ ஒழிந்தது. நகரத்தாருக்கு உரிமை வந்தது. விவசாயிகளைச் சட்டத்தின் பாதுகாப்பில் வைத்தது, ஆனால் பண்ணையடிமைத்தனத்தை ஒழிக்கவில்லை, அது பெரிய குறை. ராஜா தேர்தலும் போனது. இனி வாரிசு முறை, அதுவும் சாக்சனி அரச குடும்பத்துக்கு. தன் குடும்பத்துக்கு இல்லை. வோலா மைதானத்தில் வெளிநாட்டுப் படை காவலில் தேர்வானவருக்கு, அந்த மைதானத்தை எதற்கு மூட வேண்டும் என்று வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும்.

அதைப் பொறுக்காத கோமான்கள் சிலர் கேத்தரினிடம் போய் நின்றார்கள். டர்கோவிட்சா என்ற பெயரில் கூட்டணி அறிவித்தார்கள். அந்தப் பெயர் போலந்தில் இன்றும் துரோகத்துக்கு இன்னொரு பெயர். 1792 மே மாதம் ஏறத்தாழ 1,00,000 ரஷ்ய வீரர்கள் உள்ளே வந்தார்கள். பிரஷ்யா கைவிரித்தது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதையாயிற்று. ராஜாவின் அண்ணன் தம்பி வழியில் மகன் முறையான இளவரசர் யூசெஃப் பொனியாடோவ்ஸ்கி படையை நடத்தினார். ஜூன் 18 அன்று ஜியெலென்ட்செவில் ஜெயித்தார்கள். அதைக் கொண்டாடி ராஜா தொடங்கிய விர்ட்டூட்டி மிலிட்டாரி விருதுதான் இன்றும் போலந்தின் உயர்ந்த வீர விருது. ஜூலை 18 அன்று டுபியென்காவில் கோஸ்ச்சூஷ்கோ, எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய படையைத் தடுத்து நிறுத்தினார்.

ராஜா போர்முகாமுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. ஜூலை 23 அன்று கோட்டையில் ஆலோசனைக் கூட்டம். கேத்தரின் டர்கோவிட்சாவில் சேரச் சொல்கிறாள். கஜானா காலி, துணைக்கு யாரும் இல்லை. சேரலாம் என்று சொன்னவர்களில் சாசனத்தை எழுதிய கொவொன்டாயும் உண்டு. அதை மறைத்துவிட்டு ராஜாவை மட்டும் பழிப்பது அநியாயம். ராஜா கையெழுத்துப் போட்டார். பணிந்து போனால் மிச்ச நாட்டையாவது, சாசனத்தில் பாதியையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தார். ஆனால் படை இன்னும் உடையவில்லை, நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. வருந்தமாட்டேன் என்று சத்தியம் செய்தவர் 15 மாதத்துக்குள் அந்தச் சத்தியத்தை விட்டார். போரில் தோற்றிருக்கலாம், தோற்றிருப்பார்கள்தான். தோற்ற பிறகு பேசியிருக்கலாம். யூசெஃபும் கோஸ்ச்சூஷ்கோவும் பதவியைத் தூக்கி எறிந்தார்கள். அவர்கள் செய்தது சரி.

பணிந்ததற்குப் பலன் 1793-ல் இரண்டாம் பிரிவினை. 1794 மார்ச் 24 அன்று கிராகூவ் சந்தைச் சதுக்கத்தில் கோஸ்ச்சூஷ்கோ கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்றுச் சத்தியம் செய்தார். ரட்ஸ்வாவிட்செவில் விவசாயிகள் கதிர் அறுக்கும் நீண்ட அரிவாள்களோடு ரஷ்யப் பீரங்கிகள் மேல் பாய்ந்து பிடித்தார்கள். வார்சா ஏப்ரலில் எழுந்தது. ராஜா தலைநகரிலேயே இருந்தார், யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நவம்பர் 4 அன்று ரஷ்யத் தளபதி சுவோரோவின் படை வார்சாவின் பிராகா புறநகரில் புகுந்து ஆயிரக்கணக்கில் கொன்றது. அங்கே செத்தவர்களில் யாகூப் யாசின்ஸ்கியும் ஒருவர், கவிஞர், படைத்தலைவர், ராஜாவின் வீரர் பள்ளியில் படித்தவர். தான் போடாத சண்டையைப் போட்டவர்களை அவர் 30 வருடம் முன்பே படிக்க வைக்கத் தொடங்கியிருந்தார். என் மனம் அவர் பக்கம் சாய்வது இதனால்தான்.

1795 நவம்பர் 25 அன்று, முடிசூடிய அதே தேதியில், குரோட்னோவில் முடி துறந்தார். பதிலுக்குக் கடன்களை அடைப்பதாகப் பிரித்துக்கொண்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. அடுத்த வருடம் கேத்தரின் இறந்தாள். அவள் மகன் பாவெல் இவரை பீட்டர்ஸ்பர்க்குக்கு வரவழைத்துப் பளிங்கு அரண்மனையில் வைத்திருந்தார். அங்கே பிரெஞ்சில் தன் நினைவுக் குறிப்புகளைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்த ராஜா 1798 பிப்ரவரி 12 அன்று இறந்தார். நெவ்ஸ்கி சாலையில் உள்ள புனித கேத்தரின் கத்தோலிக்க தேவாலயத்தில் அடக்கம். 1938-ல் சோவியத் அரசு உடலைத் திருப்பிக் கொடுத்தபோது, போலந்து அரசு அதை ரகசியமாக வோவ்ச்சின் கிராமத்துத் தேவாலயத்தில் வைத்துவிட்டது. போர் வந்தது, எல்லை மாறியது, அந்தத் தேவாலயம் பாழாகி கல்லறை சூறையாடப்பட்டது. 1988-ல் மிஞ்சிய துணுக்குகளைத் திரட்டி எடுத்து வந்து, 1995 பிப்ரவரியில் வார்சாவின் புனித யோவான் தேவாலயத்தில் முறையாக அடக்கம் செய்தார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. போலந்துக்கு ஒரு தேசிய ஓவியக்கூடம் வேண்டும் என்று 1790-ல் நோயல் டெசன்ஃபான்ஸ், ஃபிரான்சிஸ் பூர்ஷ்வா என்ற லண்டன் வியாபாரிகள் இருவரிடம் ஓவியங்கள் வாங்கச் சொல்லியிருந்தார். அவர்கள் ஐந்து வருடம் தேடி வாங்கிச் சேர்த்தார்கள். பணம் கொடுக்க ராஜாவும் இல்லை, மாட்டுவதற்கு நாடும் இல்லை. விற்கப் பார்த்தும் முடியாமல், கடைசியில் பூர்ஷ்வாவின் உயிலால் அந்தத் தொகுப்பு தெற்கு லண்டனில் உள்ள டல்விச் கல்லூரிக்குப் போனது. அதற்காக ஜான் சோன் கட்டிய கூடம் 1817-ல் பொதுமக்களுக்குத் திறந்தது, இன்றும் நடக்கிறது. லண்டன் பக்கம் போகிறவர்கள் ஒரு மத்தியானம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.